ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?

கொஞ்சம் நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தாள். இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவளுடைய பத்து மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. "டீச்சர், நாலு நாளா இருமல். மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடுத்தோம். அத்தை மாந்தம்னு சொல்றாங்க. வேர் கட்டியிருக்கு. இன்னைக்கு பால் குடிக்க மாட்டேங்குது" என்று கூடவே ஒரு குரல் செய்தி.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். 30 விநாடி வீடியோவில் 31 மூச்சு. முழு நிமிடம் எண்ணுவதுதான் முறை. அன்றைக்கு எனக்கு அந்த அரை நிமிடமே போதுமாக இருந்தது. உடனே போன் செய்து, "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பு, வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் காத்திருக்காதே" என்றேன். போனாள். நிமோனியா என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆறு நாள் கழித்து வீடு திரும்பிவிட்டார்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

"மூச்சை எண்ணணும்னு உங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அந்த எண்ணிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் அதில் சேர்ந்திருக்கிறது. உறவுக்காரர்களில் மூத்தவர்கள் சிலருக்கு மட்டும் அது தெரியும்.

1968 மார்கழி. எனக்கு ஒன்பது வயது. துறையூர்ப் பக்கம் எங்கள் கிராமம். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள், கடைசியில் ஒரு தம்பி, பதினோரு மாதம். அம்மா வயலுக்குப் போய்விடுவார், தம்பி என் இடுப்பிலேதான் இருப்பான். அவனுக்குச் சளி பிடித்தது. மூன்றாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவன் நெஞ்சு என் கையில் பட்டுப் பட்டு எழும்பியது. ஓடி வந்த நாய்க்கு இளைக்கிற மாதிரி இளைப்பு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. அப்பாயியிடம் சொன்னேன். அப்பாயி பார்த்துவிட்டு, "கணைதான், வேறென்ன" என்று வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார். சாயந்திரம் திருநீறு போட ஆள் வந்தார்.

அப்பாயியை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒன்பது பிள்ளை பெற்று நாலைப் பறிகொடுத்தவர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கேட்ட எல்லாருக்கும் கூலி வாங்காமல் அதைச் செய்தார்.

அப்பா அரவை மில் வேலையாக வெளியூரில் இருந்தார். அவர் இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் உரிமை அம்மாவுக்கு இல்லை. அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். கையில் காசும் இல்லை. நாலாம் நாள் விடியற்காலையில் சித்தப்பா வண்டி கட்டினார். ஆரம்ப சுகாதார நிலையம் பதினொரு கிலோமீட்டர். போனால் டாக்டர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் ஒரு பாட்டில் மிக்சர் கொடுத்து, "டவுனுக்குக் கொண்டு போயிடுங்க" என்றாராம். டவுனுக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

அம்மா அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. ஆனால் எந்த வீட்டில் எந்தக் குழந்தை இருமினாலும், "சளிதானே" என்று யாராவது சொன்னால், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். என் மாணவன் ஒருவன் குழந்தை மருத்துவம் படித்தவன். ஓய்வுபெற்ற பிறகு அவனை நச்சரித்து வாங்கிய கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

முதலில் என்னை உலுக்கிய விஷயம் இது. என் தம்பி இறந்த 1968-இல் நிமோனியாவுக்கு மருந்து புதிதே இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் முக்கியமான கிருமியை 1881-லேயே பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுவிட்டார்கள். 1938-இல் எம் அண்ட் பி 693 என்ற சல்பா மாத்திரை வந்தது. 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு வட ஆப்பிரிக்காவில் நிமோனியா வந்தபோது பிழைக்க வைத்தது அந்தக் கம்பெனியின் மாத்திரைதான். அடுத்த சில ஆண்டுகளில் பெனிசிலின் எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. ஆக, தம்பி பிறப்பதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே அவனைக் காப்பாற்றும் மருந்து உலகத்தில் இருந்தது. எங்கள் ஒன்றியத்துச் சுகாதார நிலையத்து அலமாரியிலேயே இருந்திருக்கலாம். அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்து முறைப்படி நிமோனியா என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். அவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும், முடிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து. பட்டணத்துக்கு இது சரி. டாக்டரே இல்லாத ஊரில் குழந்தைக்கு நோய் முற்றுவதோ இரண்டு மூன்று நாளில். கைக்குழந்தைக்கு அதைவிடச் சீக்கிரம். சிறு நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் சேர்ந்ததும் நுரையீரல் விறைத்துப்போகிறது. ஆழமாக மூச்சு இழுக்க முடியாமல், குழந்தை குறைவான மூச்சை அதிகத் தடவை விட்டுச் சமாளிக்கப் பார்க்கிறது. அதுவும் போதாதபோது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. நான் திண்ணையில் பார்த்தது அதைத்தான். பிறகு பால் குடிக்கத் தெம்பு இருக்காது.

இந்தப் பூட்டைத் திறக்கும் யோசனை பிறந்த இடம் நம்மில் பலர் வரைபடத்தில்கூடத் தேடிப் பார்க்காத ஊர். பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் உள்ள கொரோக்கா. (ஐந்தாம் வகுப்பில் வரைபடம் பார்க்கச் சொன்னால் முனகுவீர்களே, இப்போது எடுத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருக்கிறது.) மலை, குளிர், புகை மூட்டமான குடிசைகள். குழந்தைகள் நிமோனியாவில் இறந்துகொண்டே இருந்தார்கள். அங்கே வேலை பார்த்த பிராங்க் ஷான் என்ற ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர், ஒரு டாக்டரோ எக்ஸ்ரேயோ இல்லாமல், மலைக் கிராமத்து உதவியாளர் ஒருவர் கண்ணால் பார்த்தே எந்தக் குழந்தைக்குப் பெனிசிலின் வேண்டும், எந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய முடியுமா என்று ஆராய்ந்தார். 1980-களின் தொடக்கத்தில் வந்த அவர் முடிவு இரண்டே வரி. இருமும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50-க்கு மேல் மூச்சு ஓடினால் மருந்து கொடு. நெஞ்சு உள்வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

வேக மூச்சு ஆபத்து என்பது டாக்டர்களுக்குப் பழைய சேதிதான். ஆனால் எத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று ஓர் எல்லை வகுத்து, அதை டாக்டர் அல்லாதவர் கையில் கொடுத்ததுதான் புதிது.

அடுத்த அடி எடுத்து வைத்தது நம் வேலூர். இதைப் படித்தபோது எனக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் அடங்கிய குழு, எல்லா வயதுக்கும் 50 என்ற ஒரே அளவுகோல் சரிப்படுமா என்று சோதித்தது. 1988-இல் லான்செட் இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரை, ஒரு வயதுக்குக் கீழே 50, ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 40 என்று பிரித்தால் நோயுள்ள குழந்தைகள் நழுவிப்போக மாட்டார்கள் என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் பிறகு வகுத்த விதியும் இதையொட்டியதே. இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த அளவோ அதற்கு மேலோ போனால் வேக மூச்சு. உலகத்தில் எந்த மூலைக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளரும் இன்று மனப்பாடமாக வைத்திருக்கும் இந்த எண்களில் வேலூர்க் குழந்தைகளின் மூச்சும் கலந்திருக்கிறது.

எண் கிடைத்துவிட்டது. அதை எண்ணப் போவது யார்? மருந்து யார் கொடுப்பது?

இந்த இடத்தில் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிக்கு வர வேண்டும். 1982-இல் சந்திரப்பூரிலிருந்து பிரித்து உருவாக்கிய மாவட்டம். அடர்ந்த காடு, பழங்குடி மக்கள். டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு 1986-இல் அங்கே போய்த் தங்கினார்கள். 58 கிராமங்களில், ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மருத்துவச்சிப் பாட்டிமாருக்கும் நிமோனியாவைக் கண்டுபிடித்து கோட்ரைமாக்சசோல் என்ற மருந்து கொடுக்கப் பயிற்சி தந்தார்கள். ஊர் முழுக்கத் தாய்மாருக்கும் அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் 44 கிராமங்களை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டார்கள்.

மருத்துவச்சிப் பாட்டிமார் பலருக்கு எழுத்து தெரியாது, ஐம்பது வரை எண்ணவும் வராது. அதற்கு அவர்கள் கண்ட வழி ஓர் ஆசிரியையான என்னை மயக்கிவிட்டது. நாம் முதல் வகுப்பில் வைத்திருந்தோமே மணிச்சட்டம், கிட்டத்தட்ட அதேதான். கூடவே ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகாரம். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரு வரிசை, பெரிய குழந்தைக்கு ஒரு வரிசை. மணல் கொட்டி முடிவதற்குள் சிவப்பு மணியைத் தொட்டுவிட்டால் நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

1990-இல் முடிவுகள் வந்தன. அந்தப் பணியாளர்களும் பாட்டிமாரும் பார்த்த நிமோனியாக் குழந்தைகள் 612 பேர். இறப்பு 0.8 சதவீதம், அதாவது ஐந்து குழந்தைகள். ஒப்பீட்டுக் கிராமங்களில் 13.5 சதவீதம். அதே மாதிரிக் காடு, அதே மாதிரிச் சனங்கள், அதே வறுமை.

நேபாளத்தின் ஜும்லாவில் மிருகேந்திர ராஜ் பாண்டே தலைமையில் இதே போன்ற ஒரு முயற்சி நடந்தது. அப்போது சாலையே இல்லாத மலை மாவட்டம் அது. மூன்றாம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மொத்த இறப்பே 28 சதவீதம் குறைந்தது. நிமோனியா இறப்பு மட்டுமல்ல, எல்லாக் காரணமும் சேர்த்து. நேபாள அரசு பிறகு தன் கிராமத்துப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களிடமே அந்த வேலையை ஒப்படைத்தது.

எதிர்ப்பும் இருந்தது. படிக்காத பாட்டி கையில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதா என்று டாக்டர்கள் பலர் கேட்டார்கள். கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுமே என்ற கவலை வெறும் பொறாமை அல்ல, நியாயமானது. ஆனால் அதே காலத்தில் மருந்துக் கடையில் சளிக்கு, பேதிக்கு, எதற்கும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூச்சை எண்ணுகிற பாட்டி, எண்ணிக்கை குறைவாக இருந்தால் "மருந்து வேண்டாம், வெறும் சளிதான்" என்று திருப்பி அனுப்புவாள். மருந்துக் கடைக்காரர் அப்படி அனுப்பி நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் படிப்பதற்கு வெகு முன்பே, 1994-இல், நான் இந்த எண்ணிக்கையை நேரில் பார்த்தேன். 1992-இல் மத்திய அரசு தாய் சேய் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வயிற்றுப்போக்கோடு குழந்தைகளின் மூச்சு நோயும் அதில் சேர்ந்தது. எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கூடத்துக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவது வழக்கம். அவர்தான் எனக்குக் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணக் கற்றுக் கொடுத்தவர்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள். நான் எந்தக் காலத்திலும் அந்தக் காரணத்தைச் சும்மா விட்டதில்லை, உங்களுக்கே தெரியும். மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போனேன். ஏழு மாதப் பையன் அவள் மடியில். எண்ணினேன், 68. விலாவுக்குக் கீழே குழி. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அம்மா கடலை பறிக்கப் போயிருந்தாள். ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வந்தவள் குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவரு சூளையிலேர்ந்து சனிக்கிழமை வந்துருவாரு டீச்சர்" என்றாள். அன்று புதன்கிழமை. அவளுக்குப் பிள்ளை மேல் பாசம் இல்லையா? கூலி இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டு ஆடு, எட்டு வயதுப் பெண், கண் தெரியாத மாமியார், இவர்களை யாரிடம் விடுவது? ஆஸ்பத்திரியில் எங்கே போய் நிற்பது, யாரைக் கேட்பது, ராத்திரி எங்கே படுப்பது? ஏதாவது ஆகிவிட்டால், "என்னைக் கேக்காம ஏன் கொண்டுபோன" என்ற கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் 1968 அத்தனையும் அந்த வாசலில் அப்படியே நின்றது.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு நானும் கூடவே பஸ் ஏறினேன். ஆட்டை எதிர்வீட்டில் கட்டினோம். நாலாம் வகுப்புப் பெண்ணை என் வீட்டுக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரி வாசலில், "ஓ.பி. முடிஞ்சிருச்சு, காலையில வாங்க" என்றார் ஒருவர். அந்த அம்மா உடனே திரும்பிவிட்டாள்! அவள் தனியாக வந்திருந்தால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போயிருப்பாள். நான் டீச்சர், சத்தம் போடத் தெரியும். போட்டேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த ஒரு நர்ஸ் குழந்தையின் நெஞ்சைப் பார்த்த உடனே கையில் வாங்கிக்கொண்டு ஓடினார். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். அந்தப் பையன் பிழைத்தான். இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அக்காவும் தம்பியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெயர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

அந்த நாளில் பஸ் இருந்தது, மருந்து இருந்தது, ஆக்சிஜன் இருந்தது, 68 என்ற எண்ணும் இருந்தது. இருந்தும் குழந்தை சனிக்கிழமை வரை வீட்டில் கிடந்திருக்கும். "தாய்மார் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்" என்று யாராவது எழுதினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எத்தனை கதவைத் தட்டிவிட்டு அவள் அங்கே வந்து நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. யுனிசெப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2006-இல் நிமோனியாவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. மறந்துபோன கொலையாளி என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அப்போது ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இதில் இறந்துகொண்டிருந்தார்கள். குழந்தையை வளர்ப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அபாய அறிகுறிகள் தெரிந்திருந்தன. நோயுற்ற குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் சரியான மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

பாகிஸ்தானின் ஹரிப்பூரில் நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் வந்தது. நெஞ்சு குழி விழுந்தால் ஒரு வேளை மருந்து கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பதுதான் அதுவரை விதி. ஊர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களே வீட்டில் வைத்து ஐந்து நாள் அமாக்சிசிலின் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பக்கத்தில் சிகிச்சை பலிக்காமல் போனது 18 சதவீதம். வீட்டிலேயே பார்த்த பக்கத்தில் 9. போகச் சொன்னால் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை, எங்கள் சித்தப்பாவின் மாட்டுவண்டி மாதிரி. இந்த மாதிரி ஆய்வுகளை வைத்து 2014-இல் உலக விதியே மாறியது. குழந்தை பால் குடிக்கிறது, வலிப்போ மயக்கமோ இல்லை என்றால், குழி விழுந்தாலும் வாய் வழி மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்ளலாம் என்றார்கள். இதைச் சுகாதாரப் பணியாளர் முடிவு செய்ய வேண்டும், நாமாக இல்லை. தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு மருந்துக் கடையில் அமாக்சிசிலின் கேட்டு வாங்காதீர்கள்.

நம் நாட்டில் அதற்குப் பிறகு நல்லதும் நடந்திருக்கிறது. முக்கியமான நிமோனியாக் கிருமிகளில் ஒன்றான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் வடக்கே சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுக்க வந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை, இலவசம். அதுவரை பணம் உள்ள வீட்டார் மட்டும் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தடுப்பூசி போட்டாலும் வைரஸால் வரும் நிமோனியா வரலாம் என்பதை மறக்க வேண்டாம். 2008 முதல் நமக்கு 108 இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு நிமோனியாவுக்கென்றே சான்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் 2023-இல்கூட மத்தியப் பிரதேசத்தின் சாடோல் மாவட்டத்தில் நிமோனியா வந்த மூன்று மாதக் குழந்தைக்குச் சூட்டுக்கோலால் வயிற்றில் சூடு போட்டு, அது இறந்துபோனதைப் பத்திரிகையில் படித்தோம். நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் சூடு போட்டவர்கள்தான், சிரிக்க ஒன்றும் இல்லை.

உலக நிமோனியா நாள் என்று ஒன்றை 2009-இல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று சாயந்திரம்தான் அம்மாவிடம் முதல்முறையாகத் தம்பியைப் பற்றிப் பேசினேன். அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. செவிலியர் கற்றுக் கொடுத்த எண்ணிக்கையைச் சொல்லி, "இது அப்போ நம்ம ஊருல யாருக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தாலும் மருந்து குடுக்க ஆள் இல்ல. நீங்க லேட் பண்ணல" என்றேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "அவனுக்கு எத்தனை இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அறுபதுக்கு மேல் இருந்திருக்கும் என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். 2016-இல் அம்மாவும் போய்விட்டார். திருப்பூர்ப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. குழந்தை இருமினால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். போனில் விநாடி ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். அவ்வளவு சிறிய குழந்தைக்குச் சந்தேகம் என்றாலே ஆஸ்பத்திரிதான். எண்ணிக்கை கூடுதல், நெஞ்சுக்குக் கீழே குழி, பால் குடிக்கவில்லை, உதடு நீலம், எழுப்பினால் எழவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். மாமனார், மாமியார், அப்பாமார்கள் படித்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெண் கேட்காமல் கிளம்பிப் போயிருந்தால் திரும்பி வந்ததும் ஏன் என்று கேட்காதீர்கள். முடிந்தால் இன்றைக்கே அவள் கையில் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வையுங்கள்.

நர்ஸாக, டாக்டராக இருக்கும் என் பிள்ளைகள் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் கமெண்டில் திருத்துங்கள். திருப்பூர்க் குழந்தை நேற்று ஒரு வீடியோவில் தவழ்ந்து வந்து போனைப் பிடுங்கப் பார்த்தது. எண்ணவே விடவில்லை.